ராஜாவின் வெல்வெட் வால்

அன்பு மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா, அப்பா, சித்தி, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அதே மாதிரி இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன், இல்லையென்றால் ஒரு வார்த்தை போடு, நான் கிளம்பி வந்து அந்த ஊரையே ஒரு கை பார்த்துவிடுகிறேன். உன் அப்பாவை எழுதச் சொன்னால் இங்கு நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வார்த்தைக்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால் பெற்றது அவராக இருந்தாலும் எழுதுவது நான் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. எனக்கும் உன்னை விட்டால் வேறு பிள்ளை ஏது. அவருடைய முழங்கால் இப்போது தேவலை, மாடிக்கு ஏறும்போது மட்டும் முனகுகிறார், இறங்கும்போது பாட்டே பாடுகிறார். உன் சித்திக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, போட்டுக்கொண்டு முதல் வேலையாக என் முகத்தைப் பார்த்தாள், பழைய கண்ணாடியே போதும் போலிருக்கே என்றாள். இந்தக் கடிதத்தையும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள், ல வர வேண்டிய இடத்தில் ல, ள வர வேண்டிய இடத்தில் ள போட்டிருக்கிறேனா என்று காவல். அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நீ போன தடவை எழுதும்போது, அங்கே ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனேன், காதில் ஏதோ மாட்டிவிட்டார்கள், பழைய காலத்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டே பழைய காலத்துச் சாமான்களைப் பார்த்தேன், குழந்தைகளுக்குக் கோட்டையைப் பிடிக்கிற விளையாட்டுக் கூட இருந்தது என்று பெருமையாக எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம், ஆனால் அதெல்லாம் இங்கேயும் வந்துவிட்டது என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன், அதுவும் யாருடைய ஆலோசனையில் என்று கேள். நம் நகராட்சிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற எனக்கு என்ன மரியாதை என்று உனக்கே தெரியும், இந்த ஊரில் எந்தப் பெரிய மனிதரும் என்னால் மேலே போகாதவர் கிடையாது. மூன்றாவது மாடியில் நூலகம் இருக்கிறதே, அங்கே ஒரு கூடத்தைக் காலி செய்து, ஜனங்கள் நம் ஊர் ராஜாவின் சரித்திரத்தைச் சினிமாவிலும் பாட்டிலும் விளையாட்டிலும் ஓவியத்திலும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். விவரம் சொல்ல வேண்டிய சரித்திர வாத்தியார், அதுதான் ரிட்டையர் ஆனவர், எப்போதும் குடையோடு அலைவாரே, அவர் குளியலறையில் வழுக்கிக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். நூலக அம்மா லிஃப்டில் வரும்போது, இப்போ ராஜாவைப் பத்தி யார்கிட்ட போய்க் கேக்கறது என்று புலம்பினார். நான் கம்பிக் கதவை இழுத்து மூடிவிட்டு, ஏன் மேடம், பக்கத்துலயே ஆள வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறீங்க என்றேன். என்ன படிச்சிருக்கீங்க என்று கேட்டார். படிப்பா முக்கியம், ராஜா வேஷம் போட்ட படம் எது வந்தாலும் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவன், அரண்மனையில் எந்தத் தூணுக்குப் பின்னால் சதிகாரன் நிற்பான் என்று என்னைக் கேளுங்க என்றேன். மூன்றாவது மாடி வருவதற்குள் நான் வரலாற்று ஆலோசகர். நாற்காலி தருகிறோம் என்றார்கள், நான்தான் ஸ்டூலே போதும் என்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பேண்டு மாஸ்டர் ராஜா போருக்குப் போகிற இசை ஒன்று போட்டார், அதைக் கேட்டுவிட்டு இது போருக்குப் போகிற மாதிரி இல்லை, பல் டாக்டரிடம் போகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, கிளாரினெட்டைக் குறைத்து டிரம்மை ஏற்றச் சொன்னவன் நான். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற தம்பி ஒரு விளையாட்டு தயார் செய்தான், ராஜா கோட்டை மதிலில் ஏற வேண்டும், எதிரி மேலிருந்து கல்லைப் போடுவான். அதை நான் விளையாடிப் பார்த்ததில் ராஜா ஏறவே இல்லை, செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டே இருந்தார், சரித்திரத்தில் இவ்வளவு தடவை செத்த ராஜா வேறு யாரும் இருக்க முடியாது. கல்லின் வேகத்தைக் குறைடா, ராஜாவுக்கும் வயசாச்சு என்று சொல்லிக் குறைத்தேன்.

ஆனால் முக்கியம் என்னவென்றால் ஓவியம். கூடத்தின் நீளச் சுவர் முழுக்க ராஜாவின் போர்க்களம், அதை வரைய ஒரு பெண் வந்தாள், உன் வயசுதான் இருக்கும், வெளியூர்ப் பெண், இதுவரை கடை ஷட்டர்களில் செருப்பும் சோப்பும் வரைந்துகொண்டிருந்தவள், சுவர் கிடைத்தது இதுதான் முதல் தடவை. இது நன்றாக வந்தால் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு சுவரையும் அவளுக்கே தருவதாக, இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் உத்தரவு போட்ட அதிகாரி அம்மா சொல்லியிருந்தார். அங்கிள், இந்தச் சுவர் சொதப்பிடுச்சுன்னா திரும்ப ஷட்டர்தான், செருப்பு வரஞ்சு வரஞ்சு கனவுலயும் செருப்பாவே வருது என்று ஏணி மேலிருந்தே ஃபோனில் சொல்லுவாள். நல்ல பெண், வேலை செய்யும்போது சாப்பாட்டை மறந்துவிடுவாள், நீ அப்படிச் செய்யாதே. என்னால் லிஃப்டை விட்டு நகர முடியாதாகையால் அவள் ஃபோனில் கேட்பாள், நான் லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விளக்கம் சொல்லுவேன். ராஜா என்றால் முதலில் என்ன, வாள். அதைச் சொன்னேன். நிஜமாவா அங்கிள், ராஜாவுக்கா என்றாள். பின்னே, அது இல்லாத ராஜா ஒரு ராஜாவா என்றேன். எவ்வளவு நீளம் என்றாள். ஆள் உயரம் இருக்கும், இடுப்பிலிருந்து தொங்கும், நடக்கும்போது தரையில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொள்வார் என்றேன். வேற யாருக்காவது உண்டா என்றாள். தளபதிக்கு உண்டு, ஆனால் ராஜாவை விடக் குட்டை, அதுதான் மரியாதை, சிப்பாய்களுக்கு இன்னும் குட்டை என்றேன். சண்டை இல்லாதபோது என்ன பண்ணுவார் என்று கேட்டாள் பார், எவ்வளவு அக்கறை. தினம் எண்ணெய் போட்டுத் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார், மேலே சிவப்பு வெல்வெட்டில் உறை, அதில் தங்க ஜரிகை என்றேன். சண்டையில கைல என்ன வச்சிருப்பார் என்றாள். அதையேதான்மா, கையில் பிடித்துச் சுழற்றினார் என்றால் எதிரி ஒருவன் நிற்க மாட்டான், தோற்றவனுடையதை எல்லாம் பிடுங்கி மலை மாதிரி குவித்துவிடுவார் என்றேன். அந்தப் பக்கம் பென்சில் கிறுகிறுவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், அங்கிள், உங்க ஊர்க் கதை ரொம்ப அழகா இருக்கு என்றாள். என் ஊர் ஆயிற்றே என்றேன்.

படம் முடிகிற வரை யாரும் பார்க்கக் கூடாது என்று சுவரில் பெரிய துணியைத் தொங்கவிட்டிருந்தாள். நானே பார்க்கவில்லை, பார்க்க வந்தவர்களையும் விரட்டினேன். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மதியம் நூலக அம்மா, அன்றைக்குத்தான் கட்டுப் பிரித்து வெளியே வந்த சரித்திர வாத்தியார், கம்ப்யூட்டர் தம்பி, நான் எல்லோரும் நிற்க, அந்தப் பெண் துணியை இழுத்தாள். என்ன சொல்ல, குதிரை ஒவ்வொன்றும் மூச்சு விடுகிறது, தூசி பறக்கிறது, வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டார். நடுவில் ராஜா. மீசை, கிரீடம், கவசம், எல்லாம் நான் சொன்னபடி. பின்பக்கம் இடுப்பிலிருந்து ஆள் நீளத்துக்குச் சிவப்பு வெல்வெட் உறை போட்ட வால். அதைக் கையில் பிடித்து ராஜா தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டிருக்கிறார். தளபதிக்குக் கொஞ்சம் குட்டையாக ஒன்று. சிப்பாய் அத்தனை பேருக்கும் முயல் அளவுக்கு ஒன்று. ஓரத்தில் பிடுங்கிப் போட்ட வால்கள் ஒரு குவியல், அதைப் பார்த்து எதிரிகள் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

வாத்தியார்தான் முதலில் வாயைத் திறந்தார், ஏம்மா, ராஜாவுக்குப் பின்னாடி அது என்னது என்றார். அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக, வால் சார், அங்கிள்தான் சொன்னாங்க என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது, ஆனால் ஆலோசகர் என்று பேரை வைத்துக்கொண்டு விழிக்க முடியுமா. ஆமாம், அந்தக் காலத்து ராஜாக்களுக்கு இருந்தது, குதிரையில் போகும்போது ஈ விரட்டுவதற்கு என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு அதிகாரி அம்மா வர்றாங்க, ஊர் சிரிக்கும், காலையில முதல் வேலையா ஆளைக் கூப்பிட்டு வெள்ளையடிச்சிடறேன் என்றார் நூலக அம்மா. அந்தப் பெண் தன் தூரிகைகளை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவினாள், கழுவினதையே திரும்பக் கழுவினாள், தண்ணீர் தெளிவாகப் போய்க்கொண்டே இருந்தது, அவள் நிறுத்தவே இல்லை. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, அதாவது வழக்கமாக இறங்குகிற அளவுக்கு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் சித்தியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் உன் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள், விஷயம் கேட்டு அவளும் சிரித்தாள். உங்க நாக்கு ள சொல்ல மடங்காதுன்னு ஊருக்கே தெரியும், பாவம் அந்த வெளியூர்ப் பொண்ணுக்கு எப்படித் தெரியும், இத்தனை வருஷமா இந்த வீட்டில நம்ம பொண்ணு பல்லிக்கூடம்தானே போச்சு என்றாள் உன் சித்தி. உன் அப்பா கூட இரண்டு வார்த்தை பேசினார், போய்ச் சொல்லு என்றார். யாரிடம், என்ன சொல்ல என்று அவர் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குப் புரிந்தது. தப்பு என் நாக்கில், தண்டனை அந்தப் பெண்ணுக்கா.

மறுநாள் காலை வெள்ளையடிக்கிறவர் ஏணியும் வாளியுமாக வந்து லிஃப்ட் வாசலில் நின்றார். நான் கதவைத் திறக்கவில்லை. சாமான் ஏற்றக் கூடாது என்று உள்ளே எழுதி ஒட்டியிருக்கிறது, நான் சட்டத்தை மீறுகிறவனா. அப்போ படியில தூக்கிட்டுப் போறேன் என்றார். படியில் இன்றைக்கு வி.ஐ.பி. வருகிறார், சுண்ணாம்பு சிந்தினால் யார் பொறுப்பு என்று அதையும் தடுத்தேன். மனுஷன் ஏணியைப் படுக்கப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இதற்குள் அதிகாரி அம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார், நூலக அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது, அதுவரை அன்றைக்கு வெள்ளையடித்தது அது ஒன்றுக்குத்தான். அதிகாரி அம்மா, நூலக அம்மா, வாத்தியார், மூலையில் அந்தப் பெண், எல்லோரும் லிஃப்டில் ஏறினார்கள். நான் கதவைச் சாத்தினேன், முதல் மாடி போனது, இரண்டாவது போனது, அதற்கு மேல் போய் நடுவில் நிறுத்திவிட்டேன். கரண்டா என்றார் அதிகாரி அம்மா. இல்லைங்க மேடம், நான்தான் என்றேன். உன் சித்தப்பாவின் துணிச்சலுக்கு இது ஒரு உதாரணம், எழுதி வைத்துக்கொள்.

மேடம், மேலே ஒரு படம் இருக்கு, அதை அழிக்கப் போறாங்க, தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லை, நான் சொன்னது வாள், அவ கேட்டது வால் என்று தெளிவாகச் சொன்னேன். என்னங்க சொல்றீங்க, ரெண்டும் ஒண்ணுதானே என்றார். ஒன்றில்லை மேடம், இது வாள், அது வால் என்றேன். எது வால் என்றார். இதுதான் வாள் என்றேன். அப்போ அது என்றார். அது வால் என்றேன். வாத்தியார் தலையில் கையை வைத்துக்கொண்டார். நானும் நாக்கை மடித்து, சுருட்டி, அண்ணாக்கில் ஒட்டி, என்னென்னவோ செய்து பார்க்கிறேன், வெளியே வரும்போது ஒரே மாதிரி வந்து நிற்கிறது, உண்மையை ஒப்புக்கொள்ள வந்தவனுக்கு ஒப்புக்கொள்ள எழுத்தே கிடைக்கவில்லை. கடைசியில் வாத்தியாரின் அக்குளிலிருந்து குடையை உருவினேன், இடுப்பில் செருகினேன், சினிமாவில் எப்படி உருவுவார்களோ அப்படி உருவி ஒரு சுழற்று சுழற்றினேன். குடை பட்டென்று விரிந்து நூலக அம்மாவின் கொண்டையைக் கவ்விக்கொண்டது. ஓ, வாளா என்றார் அதிகாரி அம்மா. அதைத்தானே மேடம் நானும் சொல்றேன், வால் என்றேன். அப்புறம் அவர் சிரித்தார் பார், சிரித்துச் சிரித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார், லிஃப்ட் ஆடியது, மூலையிலிருந்து அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள், நூலக அம்மா மட்டும் கொண்டையில் குடையோடு நேராக நின்றார்.

மேலே போய் அதிகாரி அம்மா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். வாத்தியாரிடம் திரும்பி, சார், ராஜா நிஜத்துல எப்படி இருப்பார் என்றார். படம் எதுவும் கிடைக்கலைங்க, யாருக்கும் தெரியாது என்றார் வாத்தியார். அப்போ இந்த மீசை என்றார். அது சினிமாவில் வந்தது என்றேன் நான். கிரீடம்? அதுவும் சினிமா. போர் இசை? பேண்டு மாஸ்டர் போன மாசம் போட்டது. மதில் ஏறினது? கம்ப்யூட்டர் தம்பி ஏற வைத்தது. அப்போ மீசையை ஒருத்தர் வச்சிருக்கார், கிரீடத்தை ஒருத்தர் வச்சிருக்கார், இந்தப் பொண்ணு வாலை வச்சிருக்கா, அதை மட்டும் ஏன் அழிக்கணும், கீழே ஒரு பலகையில நடந்ததை எழுதிப் போடுங்க, படிக்கிறவங்க சிரிச்சுக்கிட்டே சரித்திரம் எங்க இருந்து வருதுன்னும் யோசிக்கட்டும் என்றார். இதே கருத்தை நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார். பலகையில் என்ன எழுதுவது என்று வாத்தியார் சொல்லச் சொல்ல நூலக அம்மா எழுதினார். ராஜாவுக்கு வால் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பது வாத்தியாரின் முதல் வரி. இல்லாததற்கும் ஆதாரம் இல்லை என்று இரண்டாவது வரி போடச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள். வெள்ளையடிக்கிறவர் வந்ததற்கு மாடிப்படிச் சுவரை அடித்துவிட்டுப் போனார், பளிச்சென்று இருக்கிறது, அதுவும் ஒரு வகையில் என்னால்தான். இப்போது பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறது, விளையாட்டிலும் ராஜாவுக்கு வால் வைத்தால்தான் ஆடுவோம் என்று கம்ப்யூட்டர் தம்பியைப் பிடித்து வைத்துவிட்டார்கள், அதைச் சுழற்றினால் கல் எல்லாம் தெறித்துப் போகிறதாம், ராஜா மதில் ஏறிவிட்டார்.

மருத்துவமனைச் சுவர் அந்தப் பெண்ணுக்கே கிடைத்துவிட்டது. வார்டில் ஆறு, மீன், படகு எல்லாம் வரப் போகிறது. அதிகாரி அம்மா உத்தரவில் கையெழுத்துப் போடும்போது ஒரு நிபந்தனையும் சேர்த்தார், இந்த வேலை முடியும் வரை நகராட்சிக் கட்டடத்து லிஃப்ட் ஆபரேட்டர் ஓவியருக்கு எந்த ஆலோசனையும் சொல்லக் கூடாது, நேரிலும் சரி, ஃபோனிலும் சரி என்று. யோசித்துப் பார், இந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவருடைய ஆலோசனைக்கு மட்டும் அரசாங்கம் பயப்படுகிறது. உத்தரவை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் லிஃப்டில்தான் இறங்கினாள். வாய் திறக்கக் கூடாதே, நான் கதவை மட்டும் திறந்துவிட்டேன். அவள் போகும்போது திரும்பி, ரொம்ப தேங்க்ஸ் அங்கிள், வார்டுல ஒரே ஒரு மீனுக்கு மட்டும் வாள் வைக்கப் போறேன், உங்க ஞாபகமா என்றாள். ள அவளுக்கு என்ன சுத்தமாக வருகிறது.

நீ நன்றாக இரு, நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு, எடுத்த காரியம் எல்லாம் உனக்கு ஜெயமாகட்டும், உன்னைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் நல்ல பழக்கம் கற்றுக்கொள்ளட்டும். நின்றுகொண்டே சாப்பிடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவுக்கு ஃபோன் பண்ணு, அவள் காலையிலிருந்தே ஃபோன் பக்கத்திலேயே ஏதாவது வேலை வைத்துக்கொண்டு சுற்றுகிறாள், கேட்டால் இல்லவே இல்லை என்கிறாள்.

எல்லோருடைய ஆசிகளையும் சேர்த்து அனுப்புகிற,
உன் சித்தப்பா
(வரலாற்று ஆலோசகர், நிபந்தனைக்கு உட்பட்டது)